காப்பார் கடற்கரையில் ஒரு பச்சைக்காலியைத் தேடி

வெள்ளி

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் பழைய சடக்கில் காப்பார் இருக்கிறது. ஒரு பக்கம் செம்பனைத் தோட்டங்கள், மறுபக்கம் தொழிற்சாலைகள், அவற்றையும் தாண்டினால் மலாக்கா நீரிணையின் சேறு. அந்தச் சேற்றுக்காகத்தான் வந்திருக்கிறேன்.

கோடியக்கரை உப்பளங்களில் பச்சைக்காலி என்னும் கரைப்பறவையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதற்கு ஓர் உறவுக்காரப் பறவை உண்டு. நார்ட்மன் பச்சைக்காலி என்று பெயர். உலகம் முழுவதையும் சேர்த்தாலும் இரண்டாயிரத்தைத் தாண்டாது என்பது இன்றைய மதிப்பீடு. ரஷ்யாவின் ஓக்கோட்ஸ்க் கடலோரத்திலும் சக்காலின் தீவிலும் முட்டையிடும். அதுவும் லார்ச் மரக்கிளையில் கூடு கட்டி. கரைப்பறவைகளில் மரத்தில் கூடு கட்டுபவை மிகச் சிலவே. குளிர்காலத்தில் மஞ்சள் கடல் வழியாகத் தெற்கே இறங்கி, தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா சேற்றுக் கரைகளில் தங்கும். எங்கள் சோழமண்டலக் கரையில் எதிர்பார்க்கக் கூடிய பறவை அல்ல. பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் போக வேண்டும்.

தங்கியிருப்பது பெரியப்பா வீட்டில். அப்பாவின் பங்காளி முறை. செம்பனைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர் குடியிருப்பான லயம் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்போது சொந்த வீடு. வாசலில் பொங்கல் கோலம் இன்னும் அழியவில்லை.

"கடற்கரைக் குருவியை நாளைக்குப் பார்க்கலாம். முதலில் என் பிள்ளைகளைப் பார்" என்று பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்துக்குள் கூட்டிப் போனார். செம்பனை வரிசைகளுக்கு நடுவே கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி. கீழே தரையெல்லாம் கறுத்த உருண்டைகள். கூகை விழுங்கிய எலியின் மயிரையும் எலும்பையும் உருட்டித் துப்பியவை. ஒன்றை எடுத்து விரலால் பிரித்து, எலியின் தாடை எலும்பை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

தமிழ்நாட்டில் கூகை வீட்டின் மேல் அமர்ந்தால் கல்லெறிந்து விரட்டுவார்கள். இங்கே அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். எலி, செம்பனைக் குலையிலேயே பழத்தைக் கடித்துத் தின்னும். மருந்து வைத்தால் எலி சாகும், அந்த எலியைத் தின்ற கூகையும் சாகும். புதிய வகை எலி மருந்துகளில் இந்த ஆபத்து அதிகம். தீபகற்ப மலேசியாவில் 1960களுக்கு முன் கூகை மிக அபூர்வமான பறவை. செம்பனை பரவியபோது எலி பெருகியது. தோட்டங்கள் பெட்டி வைக்கத் தொடங்கியதும் கூகை பெருகியது. பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது பல தோட்டங்கள் பின்பற்றும் கணக்கு.

இருட்டியதும் பெட்டிக்குள்ளிருந்து சீறல் கேட்டது. குஞ்சுகள். பெரியப்பா கைவிளக்கைப் பெட்டியின் மேல் அடிக்கவில்லை, என்னையும் அடிக்க விடவில்லை. தாய் வந்து இறங்கும் நேரம், வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும் என்றார். அரிய பறவை தேடி ஊர் ஊராகப் போகிறவர்களில் இந்தப் பொறுமையை நான் அதிகம் கண்டதில்லை.

சனி

விடியற்காலையில் இரண்டு பேர் தனித்தனிக் காரில் வந்தார்கள். ஒருவர் கிள்ளான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஐம்பதைத் தாண்டியவர். தொலைநோக்கி, முக்காலி, கோடு போட்ட நோட்டுப் புத்தகம். மற்றவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இளைஞர். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். தோளில் 600 மில்லிமீட்டர் லென்ஸ். ஆசிரியர் அவரைத் 'தம்பி' என்கிறார். தம்பி இவரைச் 'சார்' என்கிறார். அந்த இரண்டு சொற்களைத் தவிர இருவருக்குள்ளும் இணக்கமாக வேறொன்றும் கண்ணில் படவில்லை.

காரணம் பட்டியல். சிலாங்கூர் மாநிலத்துக்குள் ஓர் ஆண்டில் யார் அதிக இனங்களைப் பார்க்கிறார்கள் என்பது, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும் வரிசை. சென்ற ஆண்டு ஆசிரியர் முந்தினார். இந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்தே தம்பி ஓடிக்கொண்டிருக்கிறார். மலேசியா முழுவதிலும் 800க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சிலாங்கூரில் மலைக்காடும் உண்டு, சதுப்பும் உண்டு, செகிஞ்சான் வயலும் உண்டு. ஓடுகிறவருக்கு இடம் பஞ்சமில்லை.

ஜெரத்தைத் தாண்டி ரெமிஸ் கடற்கரையில் நின்றோம். கடல் வற்றத் தொடங்கி, சேறு மணிக்கு மணி அகலமாகிக்கொண்டே போனது. பவளக்காலிகள், வளைந்த நீண்ட அலகுள்ள கோட்டான்கள், வரிவால் மூக்கன்கள், எண்ண முடியாத உப்புக்கொத்திகள். காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்கள் கடல் ஏறும் நேரத்தில் இந்தப் பறவைகள் ஒதுங்கும் இடமாகப் பல ஆண்டுகளாகப் பேர் பெற்றவை. ஆனால் அது அனுமதி பெற்றுப் போக வேண்டிய இடம். நாங்கள் போகவில்லை.

முதல் தகராறு உப்புக்கொத்தியில் வந்தது. மணல் உப்புக்கொத்திகளில் சிறியது என்று நெடுங்காலம் ஓர் இனமாக எண்ணப்பட்டதை 2023இல் உலகப் பட்டியல்கள் திபெத்திய, சைபீரிய என இரண்டாகப் பிரித்துவிட்டன. இங்கே வருபவற்றில் பெரும்பாலானவை திபெத்தியவை. சைபீரியது ஒன்றைக் காட்டிவிட்டால் பட்டியலில் ஒன்று கூடும். தம்பி ஒரு பறவையைப் படமெடுத்து, அலகு குட்டை, விலாவில் கறை இருக்கிறது, சைபீரியதுதான் என்றார்.

ஆசிரியர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "குளிர்கால இறகில் இருக்கும் பறவையைத் தனியாக வைத்து அலகு குட்டை என்று எப்படிச் சொல்கிறீர்கள், தம்பி? பக்கத்தில் எது நிற்கிறது?"

பக்கத்தில் ஒன்றும் நிற்கவில்லை. தம்பி பதில் சொல்லவில்லை. அந்தப் பறவையைப் பதியவும் இல்லை.

கேள்வி கடுமையாக இருந்தாலும் நியாயமானது என்றே எனக்குப் பட்டது. கரைப்பறவைகளை ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டும். நிறம் வெயிலுக்குத் தகுந்தபடி மாறும். சேறு பூசினால் கால் நிறமே போய்விடும். நம்பத் தகுந்தது உடலின் அளவுப் பொருத்தம். அலகு தலையின் நீளத்துக்கு எவ்வளவு, தொடைக்குக் கீழே கால் எவ்வளவு தெரிகிறது, இறக்கை நுனி வாலைத் தாண்டுகிறதா? இதெல்லாம் கண்ணில் ஊற, சாதாரணப் பறவையைச் சலிக்கச் சலிக்கப் பார்த்திருக்க வேண்டும்.

ஆள் வராத நேரத்திலும் சாதாரணப் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தப் பகுதியிலேயே சான்று இருக்கிறது. வெண்முக உப்புக்கொத்தியை 1870இல் ராபர்ட் ஸ்வின்ஹோ சீனக் கரையிலிருந்து விவரித்தார். பிறகு அது கென்டிஷ் உப்புக்கொத்தியோடு கலந்து மறந்தே போனது. சிங்கப்பூரிலும் மலேசியக் கரையிலும் 'இந்த ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு வெளிறி இருக்கிறது, ஏன் இப்படி ஓடுகிறது' என்று சிலர் விடாமல் கேட்டதால், 2008இல் ஆய்வுக் கட்டுரையாக அது திரும்ப வெளிச்சத்துக்கு வந்தது. எல்லாரும் பார்த்துக் கடந்த பறவை அது.

ஒட்டுக்கடையில் பசியாறும்போது பேச்சு பொய்ப் பதிவுகளுக்குப் போனது. ஆசிரியர் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகனைப் பற்றிச் சொன்னார். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பறவையியலில் பெரும்பெயர். பிறர் சேகரித்த பறவைத் தோல்களைத் திருடி, இடமும் தேதியும் மாற்றித் தன் பெயரில் சீட்டு ஒட்டியவர். இந்தியாவின் வன ஆந்தைக்கு 1884க்குப் பிறகு உண்மையான மாதிரி எதுவும் இல்லை. இவரோ 1914இல் குஜராத்தில் தானே சுட்டதாக ஒன்றைக் காட்டினார். அந்தச் சீட்டை நம்பியவர்களின் தேடல் திசை மாறிப் போனது. அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசன் அது திருட்டு மாதிரி என்று கண்டறிந்து, அதை ஒதுக்கிவிட்டுப் பழைய நம்பகமான இடங்களைத் தேடினார். 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா பக்கத்தில் அந்த ஆந்தை உயிரோடு நின்றது.

"நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள்" என்றார் ஆசிரியர். "ஓர் ஆள் பெருமைக்காக எழுதிய ஒரு சீட்டு, பறவையைத் தேடுகிறவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். அதனால்தான் நான் தம்பியைக் கேள்வி கேட்கிறேன். அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக அல்ல."

தம்பி தே தாரிக்கைக் குடித்து முடித்துவிட்டு, "என்னிடம் மட்டும்தான் கேட்கிறீர்கள், சார்" என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. புதிதாக வந்தவரின் பதிவைத் துருவுகிறவர்கள், பெயர் பெற்றவரின் பதிவை அப்படியே ஏற்றுக்கொள்வதை என் ஊரிலும் பார்க்கிறேன். மைனெர்ட்ஸ்ஹாகன் அத்தனை காலம் தப்பித்ததும் அப்படித்தான்.

ஞாயிறு, தை அமாவாசை

காலையில் கரையில் சில குடும்பங்கள் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தன. எள்ளும் சோறும் வைத்துக் காக்கையை அழைத்தார்கள், கூட்டமாக வந்தது. சாம்பல் கழுத்து வீட்டுக் காக்கை, நம் ஊர்க் காக்கையேதான். இந்தக் காக்கை இங்கே பறந்து வந்ததில்லை. 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லையை அடக்குவதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. காக்கை மட்டும் போகவில்லை. இன்று நகராட்சிகள் அதைச் சுட்டுக் குறைக்கின்றன. பட்டியல்காரர்கள் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. தோட்டத்து வேலைக்கென்று கப்பலேற்றிக் கொண்டுவந்த பறவையை, அதே வேலைக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பிதிர்களாக எண்ணிச் சோறிட்டு அழைப்பதைப் பார்த்தபோது, நான் தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் நின்றேன்.

மாலையில் கடல் ஏறும். அமாவாசை ஏற்றம் என்பதால் சேறு முழுவதும் மூழ்கி, பறவைகள் கரையோரத் திட்டுகளுக்கு நெருங்கி வரும். கணக்கெடுப்பும் அன்றுதான். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி தோறும் பல நாடுகளில் நடக்கிறது. இந்தக் கரைக்கு எண்ண வந்திருந்தவர் ஒரு தாதி. மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறவர். எல்லாரும் அக்கா என்றே அழைக்கிறார்கள். அவருக்குச் சொந்தப் பட்டியலே கிடையாது. தன் வாழ்நாளில் எத்தனை இனம் பார்த்திருக்கிறார் என்று கேட்டேன். "எண்ணியதில்லை, தம்பி. இந்தக் கரையில் பவளக்காலி எத்தனை என்று கேளுங்கள், ஆண்டுவாரியாகச் சொல்கிறேன்" என்றார்.

அவர் எண்ணுவதைப் பார்க்க வேண்டும். இடக்கோடியிலிருந்து தொடங்கி, பத்துப் பத்தாக, கையில் எண்ணும் கருவியை அழுத்திக்கொண்டே வலக்கோடி வரை. பிறகு அடுத்த இனம், மறுபடி இடக்கோடியிலிருந்து. அழகான பறவை, அரிய பறவை என்று எங்கும் நிற்பதில்லை. ஒவ்வொரு பறவையையும் பார்த்தாக வேண்டும், ஒன்றையும் இரண்டு முறை பார்க்கக் கூடாது. பச்சைக்காலிகளின் வரிசையில் அவருடைய விரல் நின்றது.

"இந்த ஒன்று குட்டையாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவற்றோடு பாருங்கள்."

தம்பி லென்ஸைத் தூக்கிக்கொண்டு சேற்றுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். ஆசிரியர் குரலை உயர்த்தினார். இருவருக்கும் இடையில் வந்துவிழுந்தது அக்காவின் குரல். "நான் எண்ணி முடிக்கும்வரை யாரும் நகரக் கூடாது." இருவரும் நின்றார்கள். பறவைகள் கடல் ஏறும் நேரத்தில் ஓய்வெடுப்பது சும்மா இல்லை. சைபீரியா வரை திரும்பப் பறப்பதற்கான கொழுப்பு அந்த ஓய்வில்தான் சேர்கிறது. ஒரு படத்துக்காக ஒரு திட்டையே கிளப்பிவிடுவது, அந்தப் பயணத்திலிருந்து ஒரு பங்கைப் பிடுங்குவதற்குச் சமம். இதைச் செய்யும் படக்காரர்களை நான் மன்னிப்பதில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது. "ஒருவரோடு ஒருவர் பேசாதீர்கள். அவரவர் கண்டதை அவரவர் தாளில் எழுதுங்கள். பிறகு படிக்கலாம்" என்றார். பெயர் சொல்லிவிட்டால் கண் அந்தப் பெயருக்கேற்ற பறவையைத்தான் பார்க்கும் என்பது அவர் அனுபவம்.

எழுதினோம். தொலைநோக்கியில் அது தெளிவாக நின்றது. பச்சைக்காலிகள் நீண்ட காலில் ஒயிலாக நிற்க, இது தலை பெருத்து, கழுத்துத் தடித்து, தாழ்ந்து நின்றது. அலகின் அடிப்பகுதி பருமன், மங்கிய மஞ்சள், நுனி கறுப்பு. முட்டிக்கு மேலே தெரியும் காலின் நீளம் மற்றவற்றில் பாதிதான். நீர் விளிம்புக்கு வந்த ஒரு நண்டைத் துரத்தி, உடலைத் தரைக்கு இணையாக்கிக்கொண்டு ஓடியது. டெரெக் உள்ளானும் நண்டைத் துரத்தி ஓடும், அதற்கும் மஞ்சள் காலும் மேல்நோக்கிய அலகும் உண்டு. ஆனால் அது இதைவிட மிகச் சிறியது, பழுப்பு நிறம். அதையும் எழுதினேன், 'எது இல்லை' என்பதையும் எழுத வேண்டும்.

அப்போது ஒரு செம்பருந்து தாழப் பறந்தது. கூட்டம் முழுவதும் எழுந்து கடலின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்கியது. தம்பியின் கேமரா மட்டும் விடாமல் சடசடத்துக்கொண்டிருந்தது.

கார்ப் பெட்டியின் மேல் தாள்களை வைத்துப் படித்தோம். கால் நிறத்தை அக்கா மஞ்சள் என்றும், ஆசிரியர் பச்சை கலந்த மஞ்சள் என்றும் எழுதியிருந்தார்கள். நான் சேறு படிந்ததால் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தேன். தம்பி தன் தாளில் கால் நிறத்தை எழுதவே இல்லை. நான்கு பேர் ஒரே பறவையைப் பார்த்து நான்கு விதம். ஆனால் முட்டிக்கு மேல் கால் குட்டை என்பதில் நால்வரும் ஒன்று. அலகு தடித்து இருநிறம் என்பதிலும் ஒன்று.

ஆசிரியர் தம்பியின் கேமராவை வாங்கினார். பறக்கும் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு படத்தில் நிறுத்தி, பெரிதாக்கினார். இறக்கையின் அடிப்பக்கம் ஒரு கோடும் இல்லாத வெள்ளை. பக்கத்தில் பறந்த பச்சைக்காலியின் விரல்கள் வாலைத் தாண்டி நன்றாக நீண்டிருந்தன. இதன் விரல்கள் வால் நுனியை ஒட்டி நின்றுவிட்டன.

"நார்ட்மன்" என்றார். பிறகு, "நல்ல படம். என் நோட்டுப் புத்தகத்தால் இதைக் காட்டியிருக்க முடியாது" என்றார். ஆசிரியர் சென்ற ஆண்டே இதை வேறொரு கரையில் பார்த்துவிட்டார். ஆனால் இந்த ஆண்டுக் கணக்கில் இன்று இருவருக்கும் ஒன்று கூடியது. தம்பி முன்னால்தான் இருக்கிறார். அது தெரிந்தே சொன்னார்.

யார் முதலில் கண்டது என்று பதிவது என்ற பேச்சு எழாமல் இல்லை. தம்பி தன் பதிவின் குறிப்பில், கணக்கெடுப்பின்போது அக்கா கண்டது என்று எழுதி எங்களுக்குக் காட்டிவிட்டே அனுப்பினார். அக்கா அதற்குள் வரிவால் மூக்கன்களை எண்ண ஆரம்பித்திருந்தார்.

பறவையைப் பற்றி என் மனநிலையையும் சொல்லிவிடுகிறேன். அழுகை வந்தது. தென்கொரியாவில் 2006இல் 33 கிலோமீட்டர் கடற்சுவர் எழுப்பி, சேமாங்கும் சேற்றுக் கரையை அடைத்தார்கள். அங்கே இளைப்பாறி வந்த கரைப்பறவைகள் பெருமளவில் குறைந்துபோயின. மஞ்சள் கடலில் அப்படிப் போன கரைகள் பல. அவற்றுக்கு நடுவே எஞ்சியிருக்கும் ஏதோ ஒரு சேற்றில் வயிறு நிறைத்துக்கொண்டு இது இங்கே வந்து நண்டு பிடிக்கிறது.

திங்கள்

ஆசிரியருக்குப் பள்ளி. தம்பியோடு கோலசிலாங்கூர் போனேன். மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியில் 1987இல் உருவான இயற்கைப் பூங்கா, புக்கிட் மெலாவத்தியின் அடிவாரத்தில். தம்பிக்கு வேண்டியது அலையாத்திக் காட்டு பிட்டா. நம் ஊர் ஆறுமணிக்குருவிக்கு நெருங்கிய சொந்தம். வேர்களுக்கிடையே நண்டும் பூச்சியும் தேடும் பறவை. எளிதில் வெளியே வராது.

அவருடைய கைப்பேசியில் அதன் குரல் இருக்கிறது. ஒலிக்கவிட்டால் எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி வெளியே வரும். பட்டியலில் ஒன்று ஏறும். அப்படி நாளுக்குப் பத்துப் பேர் ஒலித்தால், பறவை தன் எல்லையைக் காப்பதிலேயே பொழுதைக் கழிக்கும். நடைபாதையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். தம்பி கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை, அவர் விளக்கவும் இல்லை. பிட்டா வரவில்லை. கரும்பிடரி மாங்குயில் ஒன்று வந்தது.

செவ்வாய்

மாலை விமானம். பெரியப்பா விடியற்காலையில் என்னை எழுப்பி மறுபடி பெட்டியடிக்குக் கூட்டிப் போனார். ஒரு குஞ்சு வாயிலுக்கு வந்து நின்று இறக்கையை அடித்துப் பழகிக்கொண்டிருந்தது.

மதியம் அக்காவிடமிருந்து செய்தி. வரும் சனிக்கிழமை மீதிக் கரையையும் எண்ண வேண்டும், ஆள் போதவில்லை. ஆசிரியரும் வருகிறேன் என்றார், தம்பியும் வருகிறேன் என்றார். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எண்ணிக்கை பேச்சில் கலைந்துவிடும் என்று, ஜெரத்தை ஒருவருக்கும் ரெமிஸை மற்றவருக்கும் ஒதுக்கிவிட்டாராம். எண்ணி முடித்த பிறகு இருவரும் ஒரே கடையில் பசியாற வேண்டும் என்பது அவர் போட்டிருக்கும் நிபந்தனை.